பெட்ரோல் போட இறங்காத என் தம்பி

என் தம்பி கண்ணன் அஜ்மானில் குடியேறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவன் மனைவி சுமதி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்று தெரிந்ததும், கொஞ்ச நாள் சமைத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று நான் திருச்சியிலிருந்து கிளம்பினேன். கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு. கோடை விடுமுறை கையில் இருந்தது. அந்தக் கோடையில் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது கூட வேலை பார்ப்பவர்கள் என்னைப் பார்த்த விதமே சரியில்லை.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே கண்ணன் வண்டியைப் பெட்ரோல் பங்க்குக்குள் விட்டான். அங்கே அதைப் பம்ப் என்கிறார்கள். நான் பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றினேன். திருச்சியில் என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட இறங்கி, சீட்டைத் தூக்கி, "ஜீரோ பாத்துக்குங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகத் தலையாட்டி, இதெல்லாம் செய்து பழகியவள் நான்.

"எங்கக்கா போற?" என்றான் கண்ணன்.

"பெட்ரோல் போட."

"அதுக்கு எதுக்கு இறங்கணும்?"

நீலச் சீருடையில் ஓர் ஆள் வந்தார். கண்ணன் "ஸ்பெஷல், ஃபுல்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஸ்பெஷல் என்பது அங்கே பெட்ரோலில் ஒரு வகை. ஏதோ சாம்பார் வடையில் ஸ்பெஷல் கேட்பது போல இருந்தது எனக்கு. அந்த மனிதர் மூடியைத் திறந்தார், குழாயைச் செருகினார், காத்திருந்தார், எடுத்தார், மூடினார். கண்ணன் அட்டையை நீட்டி வாங்கிக்கொண்டான். பிறகு அவர் டிக்கியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். குதிரையைத் தட்டியது போலக் கார் கிளம்பியது. கண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இறங்கிப் போடற பம்பே இங்க கிடையாதா?" என்று கேட்டேன்.

"அபுதாபிப் பக்கம் வச்சிருக்கான். நாமே போட்டுக்கணும். ஆள் வந்து போடணும்னா தனியாக் காசு."

"நீ போட்டிருக்கியா?"

"நான் எதுக்குப் போடணும்? எல்லாரும் இறங்கிப் போட ஆரம்பிச்சா இவங்க எங்க போவாங்க? நான் உள்ள உக்காந்திருக்கறதே ஒரு உதவிதான்."

பதினெட்டு வருஷமாக இந்த உதவியைச் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது, உதவி பெட்ரோலோடு நிற்கவில்லை என்று. ஷார்ஜாவில் ரோலா என்கிற கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கக் கூட்டிப்போனான். வழியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹார்னை அழுத்தினான். நம் ஊரில் அப்படி அழுத்தினால் சண்டைக்கு ஆள் வரும். இங்கே டீ வந்தது. ஏலக்காய் மணக்கும் கெட்டி டீ. அதைக் கடக் என்கிறார்கள். கொண்டு வந்தவர் கோழிக்கோட்டுக்காரர். "பாய், சர்க்கரை சரியா?" என்று கண்ணாடி வழியே குனிந்து விசாரித்துவிட்டுப் போனார். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கார்கள் நின்றன. எல்லாவற்றிலும் ஒரு கை மட்டும் வெளியே வந்து டீ வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

மளிகைக்கடை முன்னாலும் அதே ஹார்ன். சலவைக்கடை முன்னாலும் அதே. சமைத்துப் போட வந்த எனக்கும் வீட்டில் வேலை இல்லை. சுமதி கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கைபேசியிலேயே கீரை முதல் கோழி வரை கூப்பிட்டுவிடுவாள். நறுக்கிய வெங்காயம்கூட டப்பாவில் வந்தது. அந்த வீட்டில் நான் செய்த பெரிய வேலை, கதவைத் திறந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணன் அபுதாபிப் பக்கம் ஒரு கேம்புக்குப் போக வேண்டியிருந்தது. கேம்ப் என்றால் கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் இடம். அங்கே முருகேசன் என்று ஒரு பையன், எங்கள் சொந்த ஊரான ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். பையன் என்கிறேன், முப்பது வயது இருக்கும். திங்கட்கிழமை அவனுக்குக் கல்யாணம். லீவ் கடைசி நேரத்தில்தான் கிடைத்தது; கம்பெனி வேன் வேறு சைட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம். அதை விட்டால் கல்யாணத்துக்கு முன்னால் வேறு டிக்கெட் இல்லை. கண்ணன் கூட்டிக்கொண்டு வந்து ஏற்றிவிடுவதாக அவன் அப்பாவிடம் போனில் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"அண்ணி, நீங்களும் போயிட்டு வாங்க. பாலைவனம் பாத்த மாதிரி இருக்கும்" என்று சுமதி என்னையும் அனுப்பிவைத்தாள்.

பாலைவனம் பார்த்தேன். பெரும்பாலும் மின்கம்பங்களையும் லாரிகளையும் பார்த்தேன். நடுவில் ஒரே ஓர் ஒட்டகம். அதுவும் ஒரு சின்ன லாரியின் பின்னால் கால் மடித்து உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு போனது. இந்த ஊரில் ஒட்டகமும் நடப்பதில்லை என்று கண்ணனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

கேம்பில் முருகேசன் தயாராக இருந்தான். புதுச் சட்டை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஆனால் அவனுடைய ரூம்காரர்கள் எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று நின்றார்கள். மாப்பிள்ளை கிளம்புகிற வீடு அதுதான் அவர்களுக்கு. முட்டைக்குழம்பும் குபூஸும் வைத்திருந்தார்கள். குபூஸ் என்பது அங்கே எல்லோரும் சாப்பிடுகிற ஒரு ரொட்டி. அதை முட்டைக்குழம்பில் தோய்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் அப்பளம் பொரித்துக்கொண்டு வந்தார். இன்னொருவர் முருகேசன் நெற்றியில் திருநீறு பூசினார். கண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது குபூஸை எடுத்தான்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. வழியில் வந்த பம்ப்பில் வண்டியைத் திருப்பினான். ஆள் வந்து போடும் வரிசை ஒன்றுதான், அதில் கார்கள் நீளமாக நின்றன. நாமே போட்டுக்கொள்ளும் வரிசைகள் காலி.

"இதிலேயே போட்டுருவோம்ணே. நேரமாகுது" என்றான் முருகேசன்.

கண்ணன் காலி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கினான். அந்த இயந்திரத்தின் முன்னால், கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவன் போலக் கொஞ்ச நேரம் நின்றான். அட்டையை ஓர் இடத்தில் காட்டினான், இன்னோர் இடத்தில் காட்டினான், மூன்றாவது இடம் ஏற்றுக்கொண்டது. குழாயைச் செருகி, தானாக ஓடும்படி கைப்பிடியை மாட்டிவிட்டான். முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. நான் எல்லோருக்கும் தண்ணீர் வாங்கலாம் என்று கடைக்குள் போனேன்.

உள்ளே நின்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்ததால் மீதியை நான் முழுதாகப் பார்த்தேன். வெயில் தாங்காமல் கண்ணன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். முருகேசன் இறங்கி, டிக்கியைத் திறந்து, தன் பெட்டியின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். திருப்தியாகி டிக்கியைச் சாத்தினான். சாத்தியது சரியாக விழுந்ததா என்று அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினான்.

கார் கிளம்பிவிட்டது.

டப் என்று ஒரு சத்தம். குழாயோடு கொஞ்சம் ரப்பர் ஓசும் சேர்ந்து காரின் பக்கவாட்டில் வால் மாதிரி தொங்கியது. முருகேசன் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கியபடி நின்றான். ஆள் போடும் வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கையை ஆட்டிக் கத்தினார்கள். கண்ணன் அவர்களுக்குப் பதிலுக்குக் கையாட்டினான். சாலைக்கு ஏறுகிற வளைவில்தான் கண்ணாடியில் வாலைப் பார்த்திருக்கிறான். நிறுத்திவிட்டான்.

பம்ப் மேற்பார்வையாளர் ஒரு மலையாளி, நிதானமான மனிதர். ஓடி வந்து முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகுதான் பேசினார். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "பயப்பட வேண்டாம். இழுத்தால் கழன்று வருகிற மாதிரிதான் இந்த ரப்பர்க் குழாயைச் செய்திருக்கிறார்கள். உங்களைப் போல ஆட்கள் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்."

ஆனால் காரில் மூடி இருக்கும் பக்கம் நெளிந்திருந்தது. போலீஸ் வந்து பார்த்து எழுதித் தராமல் வண்டியை எடுக்க முடியாது என்றார். போலீஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்று கையை விரித்தார்.

முருகேசன் கண்ணனைக் குற்றம் சொல்லவும் முடியாமல், தன்னைக் குற்றம் சொல்லவும் முடியாமல், "நான்தாண்ணே தட்டிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? பந்தல்கால் நட்டுவிட்டார்களாம். டாக்சி கூப்பிடலாம் என்று பார்த்தால் அந்த அத்துவானத்தில் கைபேசி யாரையும் காட்டவில்லை.

அப்போது மறுபக்க வரிசையில் ஒரு சின்னக் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். பெட்ரோலை முழுதாகப் போட்டு, குழாயை அதன் இடத்தில் மாட்டி, உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"நீங்கள் தமிழோ?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நான் வதனி. யாழ்ப்பாணம். இஞ்சாலை ஒரு பள்ளிக்கூடத்தில கணக்குப் பாக்கிறன். வெள்ளிக்கிழமையில ஷார்ஜாவில அக்கா வீட்டை போறனான். எயார்போட்டில இறக்கிவிடுறன். பெட்டியை ஏத்துங்கோ."

முன்பின் தெரியாத பெண்ணின் காரில் மாப்பிள்ளையைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். கண்ணன் முருகேசனின் கையைப் பிடித்து, "போயிட்டு வா, கல்யாணத்தை நல்லபடியா முடி" என்றான். தம்பியின் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வதனி ஓட்டிய வேகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாலையில் எழுதியிருந்த வேகத்துக்கு மேல் ஒரு துளி போகவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டின. ஒட்டகம் ஏற்றிய வண்டி ஒன்றும் தாண்டியது. முருகேசன் பின்சீட்டில் உட்கார்ந்து, தானே வண்டியைத் தள்ளுகிறவன் போல முன்னால் சாய்ந்திருந்தான்.

"அக்கா, கொஞ்சம் சேத்து மிதிக்கலாமா?"

"வேகம் பாக்கிற ராடார் இருக்குத் தம்பி. மெல்லப் போனாலும் நிக்காமல் போனால் போதும். அந்தரப்படாதேங்கோ."

அவன் கைபேசி அடித்தது. கல்யாணப் பெண் கலைச்செல்வி. உடற்பயிற்சி ஆசிரியை என்று முருகேசன் சொல்லியிருந்தான்; குரலே விசில் அடிப்பது போலத் தெளிவாக இருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"யாழ்ப்பாணத்து அக்கா கார்ல."

"உங்க ஊர் அண்ணன் கார்லதானே வர்றதா சொன்னீங்க?"

"அது பம்ப்புல நிக்குது."

அந்தப் பெண் சொன்னாள்: "சரி. பிளைட்டை விட்டுட்டா வீடியோ கால்ல தாலி கட்டுங்க. முடிச்சை நான் போட்டுக்கறேன்."

வதனி சிரித்த சிரிப்பில் கார் லேசாக ஆடியது. அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாகவும் ஓட்டினாள் என்று நினைக்கிறேன். வேக முள்ளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பதற்றத்தைத் தணிக்க ஏதாவது பேச வேண்டும் என்று, எப்போதும் நீங்களே பெட்ரோல் போட்டுக்கொள்வீர்களா என்று அவளிடம் கேட்டேன். என் தம்பி இறங்கவே மாட்டான் என்றும் சொன்னேன்.

"நான் எப்பவும் இறங்கித்தான் போடுவன்" என்றாள் வதனி. "எங்கட ஊரில சண்டைக் காலத்தில பெற்றோலைக் கண்ணாலயும் காணேலாது. அப்பா மண்ணெண்ணெயிலதான் மோட்டச்சைக்கிள் ஓடினவர். ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல் வேணும். அது ஒரு சின்ன மருந்துப் போத்திலில இருக்கும். அம்மா அதைச் சாமி அறையில வைச்சிருந்தவா. நாங்கள் தொட்டால் அடி விழும்."

சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

"இப்ப நானே பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, உள்ளுக்கை அது நிரம்புற சத்தம் கேக்கும். எனக்கு அது விருப்பம். அதை ஏன் இன்னொராளிட்டைக் குடுக்கோணும்?"

திருச்சியில் ஜீரோவைப் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர நான் பெட்ரோலைப் பற்றி எதுவும் நினைத்ததில்லை.

பின்சீட்டிலிருந்து முருகேசன் சொன்னான்: "எனக்குன்னு ஒரு கார் இருந்தா நான் உள்ளேயே தாங்க்கா உக்காந்திருப்பேன். நாள் பூரா சைட்ல வெயில்லதானே நிக்கறோம். யாராச்சும் வந்து ஊத்தட்டும்."

"அதுவும் சரிதான்" என்றாள் வதனி.

துபாயைச் சுற்றிக்கொண்டு போகும் வெளிச்சாலையைப் பிடித்தோம். ஷார்ஜாவை நெருங்கும்போது சாலை முழுக்கக் கார்கள் நின்றன. வெள்ளிக்கிழமை மாலை அங்கே எப்போதும் அப்படித்தானாம். முருகேசன் இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். அட்டைப்பெட்டியோடு அந்த வெயிலில் ஓடுகிற மாப்பிள்ளையை நினைத்துப் பார்த்து நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வதனி ஒரு பக்கச் சாலையில் திருப்பினாள். டயர் கடைகளும் மரக்கடைகளும் இருக்கும் தெருக்கள் வழியாக வளைந்து வளைந்து போய், எப்படி வந்தோம் என்று தெரியாமலே விமான நிலையத்தின் முன்னால் நின்றோம்.

கவுண்ட்டரை மூடுவதற்குச் சற்று முன்னால் அவன் பெட்டி எடை மேடையில் ஏறியது. அதிகாரிகள் இருக்கும் பக்கம் போகும் முன் திரும்பி ஓடி வந்து வதனியின் காலைத் தொடப் போனான். அவள் துள்ளிப் பின்னால் போனாள்.

"என்ன வேலை இது. போங்கோ, போங்கோ. பிந்தினால் அந்தப் பிள்ளை தானே முடிச்சுப் போட்டிடும்."

அவன் உள்ளே போனதும் வதனி என்னை அஜ்மானில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். உள்ளே வந்து ஒரு டீ குடிக்கச் சொன்னேன். அக்கா புட்டு அவித்துக்கொண்டு காத்திருப்பாள் என்று கிளம்பிவிட்டாள். போன் நம்பர் வாங்க வேண்டும் என்று தோன்றியது, கார் தெருமுனை திரும்பிய பிறகு.

சுமதியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணன் டிக்கி தட்டலுக்குக் கிளம்பிய இடம் வந்ததும், "எனக்குத் தெரியும் அண்ணி, எனக்குத் தெரியும்" என்று கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவன் போனை எடுக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மசூதியில் மாலைத் தொழுகை அழைப்புக் கேட்ட நேரத்தில் கண்ணன் வந்து சேர்ந்தான். சட்டை கசங்கி, முகம் சிவந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததுமே சுமதி மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, என்ன இது, பெட்ரோல்ல குளிச்சிட்டு வந்தீங்களா?"

"அவன் ஏறிட்டானா?" என்றுதான் முதலில் கேட்டான். ஏறிவிட்டான் என்றேன். சோபாவில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்த பிறகுதான் சொன்னான்.

போலீஸ் வர வெகுநேரம் ஆகியிருக்கிறது. காரை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பம்ப் நிழலிலேயே நின்றிருக்கிறான். அலுவலகச் சட்டை நீலம். பையில் பெயர் அட்டை வேறு. உயரமான வண்டி ஒன்று வந்து அவன் பக்கத்தில் நின்றது. உள்ளே வயதான ஓர் அரபிக்காரர்.

"கண்ணாடியை இவ்வளவுதான்க்கா இறக்கினாரு" என்று இரண்டு விரலைக் காட்டினான். "அட்டையை நீட்டி, ஸ்பெஷல், ஃபுல்னு சொன்னாரு. அதோட சரி. மூஞ்சியே தெரியல."

"நான் கஸ்டமர்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் சுமதி.

"சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். பின்சீட்ல ஊன்றுகோல் கிடந்துச்சு. சரின்னு போட்டுட்டேன்."

"ஒழுங்காப் போட்டீங்களா?"

கண்ணன் சட்டையை இழுத்து மோந்து பார்த்தான்.

"முடியறதுக்குள்ள வெளிய எடுத்துட்டேன். என் மேல கொஞ்சம், அவர் வண்டி மேல கொஞ்சம். திட்டப் போறாருன்னு நினைச்சேன். கண்ணாடியை முழுசா இறக்கி என்னைப் பாத்தாரு. ஜதீதான்னு கேட்டாரு."

"அப்படின்னா?" என்றேன்.

"வேலைக்குப் புதுசான்னு. ஆமா சார், இன்னிக்குத்தான் சேந்தேன்னேன்."

சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணன் மட்டும் சிரிக்காமல், காலி சொம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தான்.

"அதுக்கு என்ன சொன்னாரு?" என்றேன்.

"எந்த ஊரு, சாப்பிட்டியான்னு கேட்டாரு. பரவால்ல, போகப் போகப் பழகிடும்னுட்டுப் போனாரு."